வரிசை அறியாத கொடை

பாரி மாய்ந்த பின்னர், ஆதரவிழந்து நின்ற அவனுடைய மகளிர் இருவரையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு, அவர்களுக்கு உரிய மணாளரைத் தேடி மலை நாட்டுத் தலைவர்களின் வாயில்தோறும் நடந்த கபிலர், விச்சிக்கோனிடம் சென்று கேட்டார், இருங்கோவேளிடமும் சென்று கேட்டார், இருவரும் இசையவில்லை. துவரையை ஆண்ட பழங்குடியின் வழியில் நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த வேளிர் குலத் தோன்றல் என்று இருங்கோவேளின் மரபை முதலில் வியந்து பாடிய கபிலர், மறுப்பைக் கேட்டபின் விடைபெறும் தறுவாயில் அவனுக்கு அதே மரபைச் சேர்ந்த வேறொரு வரலாற்றை நினைவூட்டுகிறார். உன் முன்னோர்க்குப் பொருளைக் கோடி கோடியாக வழங்கிய அரையம் என்னும் மூதூர், பெரிது சிறிது என்று இரு கூறாகப் பெயர் பெற்று நின்ற அந்த ஊர், எதனால் அழிந்தது தெரியுமா? உன்னைப் போன்ற அறிவு படைத்த உன் குலத்தான் ஒருவன், கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்தான். அதன் பயனாக அழிந்தது. இவ்வாறு சொல்லிவிட்டு, இவர்களைப் பாரியின் மகளிர் என்று அறிமுகப்படுத்திய என் புன்சொல்லைப் பொறுத்துக்கொள்க, நான் விடைபெறுகிறேன், உன் வேல் வெல்க என்று வாழ்த்தி அவர் வெளியேறுகிறார். புறநானூற்றின் 202-ஆம் பாட்டு இது.

ஒரு நகரத்தின் அழிவுக்குப் புலவர் ஒருவர் அடைந்த அவமதிப்பைக் காரணமாகச் சொல்வது இன்றைய வாசகனுக்கு மிகையாகத் தோன்றலாம். அரையம் எப்படி அழிந்தது என்பதற்கு வேறு சான்று நமக்கு இல்லை; போரோ, பஞ்சமோ, வாணிகப் பாதை மாறியதோ, எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நம்முடைய ஆராய்ச்சிக்கு முக்கியமானது அந்த அழிவின் உண்மைக் காரணம் எது என்பதன்று. அத்தகைய காரணத்தை ஓர் அரசனின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லலாம் என்றும், சொன்னால் அது அவனைச் சுடும் என்றும் கபிலர் எண்ணியிருக்கிறார் என்பதே. அதிகாரத்தில் இருப்பவர்கள் கவிஞர்களை உதாசீனம் செய்வது எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் நிகழ்ந்து வரும் விஷயம். அந்த உதாசீனத்துக்கு ஆளானவர்களே அதைப் பற்றிப் பாடி, அப்பாடல்களை ஒரு சமுதாயம் தன் பொக்கிஷங்களுள் ஒன்றாகக் கருதிக் காப்பாற்றி வைத்திருப்பது அவ்வளவு சாதாரணமான விஷயம் அன்று. புறநானூற்றில் 196 முதல் 211 வரையுள்ள பாட்டுக்களைத் தொடர்ச்சியாகப் படிப்பவர்கள், தொகுத்தவர் யாரென்று பெயர் அறியப்படாத அந்த நூலில், பரிசில் மறுக்கப்பட்ட, நீட்டிக்கப்பட்ட, அலட்சியமாக எறியப்பட்ட புலவர்களின் குரல்கள் வேண்டுமென்றே அருகருகே அடுக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள்.

ஆதாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிட வேண்டும். 1894-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்து வெளியிட்ட நாள் முதல், புறநானூற்றுப் பாட்டுக்களின் அடியில் காணும் சிறு குறிப்புக்களை, அதாவது யாரை யார் எந்தச் சந்தர்ப்பத்தில் பாடினார் என்று தெரிவிக்கும் வாசகங்களை, சிலர் சரித்திரமாகவே கொண்டனர். சிலர் பிற்காலத்தார் பாட்டிலிருந்து ஊகித்து எழுதிய கதைகள் என்று ஒதுக்கினர். பாட்டு முந்தியது, குறிப்புப் பிந்தியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பாட்டுக்கள் பெரும்பாலும் தம் உள்ளடக்கத்தாலேயே தம் சந்தர்ப்பத்தை வெளிப்படுத்துகின்றன. கேட்டவன் பெயரும் மறுத்தவன் மனநிலையும் பாட்டுக்குள்ளேயே தெரிகின்றன. ஆகையால் குறிப்புக்களைத் துணையாகக் கொண்டு, பாட்டையே பிரதானமாக வைத்துப் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

அவமதிப்பு என்று அந்தப் புலவர்கள் எதைக் கருதினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய இரண்டு பாட்டுக்கள் மிகுந்த ஒளி தருகின்றன. ஒன்று ஔவையார் பாடியது. மற்றொன்று பெருஞ்சித்திரனார் பாடியது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்றும், வள்ளல் எழுவருள் ஒருவன் என்றும் நாம் பள்ளிப் பருவம் தொட்டுக் கேட்டுவந்த அதே அதியமான், இந்த இரண்டு பாட்டுக்களிலும் குற்றவாளியாக நிற்கிறான். ஔவைக்குப் பரிசில் தராமல் காலம் தாழ்த்தினான். அவர் அவனிடம் பேசவில்லை, வாயில்காவலனிடம் பேசுகிறார். உன் தலைவன் தன்னை அறியாதவனா, அல்லது என்னை அறியாதவனா என்று கேட்கிறார். அறிவும் புகழும் உடையோர் எல்லாரும் மாய்ந்து உலகம் வெறுமையாகிவிடவில்லை என்று சொல்லி, யாழை எடுத்துக்கொண்டு, கருவிப் பையைக் கட்டிக்கொண்டு, கோடரியோடு காட்டுக்குள் செல்லும் தச்சன் மக்களுக்கு எத்திசையிலும் மரம் உண்டு என்பதுபோல எங்களுக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்று நடக்கத் தொடங்குகிறார்.

பெருஞ்சித்திரனாருக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. அவருக்கு அதியமான் பரிசில் தரத் தாமதிக்கவில்லை, உடனே அனுப்பினான். குன்றும் மலையும் பல கடந்து வந்த புலவரை நேரில் காணாமல், இதைக் கொண்டு செல்க என்று உள்ளிருந்தபடியே கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். என்னைப் பாராமலே அவன் என்னை எவ்வாறு அறிந்தான் என்று கேட்டார். விலை பெற்றுப் பொருள் விற்கும் வணிகன் அல்லேன் நான் என்றார். தினையளவே ஆயினும், பெறுபவனின் அளவை அறிந்து தந்தால் அதுவே இனிது என்று முடித்தார்.

இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலனாகும். ஒருவருக்குக் கொடை கிடைக்கவில்லை, மற்றவருக்குக் கிடைத்தது. ஆனால் முறையீடு ஒன்றே. அறியவில்லை என்பதே அது. அவமதிப்பு என்பதைக் கொடையின் அளவாலோ காலத்தாலோ அவர்கள் அளக்கவில்லை. தம் கல்வியின் தரத்தை எதிரிலிருப்பவன் நோக்கினானா, இல்லையா என்பதைக் கொண்டே அளந்தார்கள். இதற்கு அவர்களிடையே வழங்கிய சொல் வரிசை என்பது. புலவர் ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியையும், அத்தகுதிக்கேற்ற மரியாதையையும் அது ஒருங்கே குறித்தது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், நான்கு திசையிலிருந்தும் பலர் வந்து நிற்கும்போது அள்ளிக் கொடுத்துவிடுவது எளிது, வரிசை அறிவதே அரிது, ஆகவே புலவர் எல்லாரையும் ஒரே பார்வையாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று அறிவுரை கூறுகிறார். காரியோ கொடைக்குப் பெயர் போனவன். தாராளமாகக் கொடுப்பவனுக்கே இந்த அறிவுரை தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கஞ்சத்தனத்தைக் காட்டிலும், பாகுபாடறியாத தாராளம் கவிதைக்கு நுட்பமான அவமதிப்பு என்று கபிலர் கண்டிருக்கிறார். இதை இலக்கிய விமரிசனத்தின் ஆரம்ப நிலை என்றே நான் சொல்வேன்; நல்ல கவிதையையும் சாமானியக் கவிதையையும் பிரித்தறியும் கடமையை அரசன் மேல் ஏற்றி, அதில் தவறுவதைக் கொடுக்க மறுப்பதற்கு நிகரான குற்றமாக அவர் ஆக்கிவிடுகிறார்.

பெருஞ்சித்திரனாரின் வாழ்க்கையை இன்னும் சிறிது விரிவாகப் பார்ப்பது அவசியம். ஏனெனில் புலவரின் பெருமிதத்தைக் கேட்பவர்கள், வயிறு நிறைந்தவனின் செருக்கு இது என்று எளிதில் நினைத்துவிடக் கூடும். முதிரமலைத் தலைவன் குமணனை நோக்கி அவர் பாடிய இரு பாட்டுக்களில் அவருடைய இல்லம் இருந்த நிலை தெரிகிறது. கண் மங்கிய முதிய தாய் தன் சாவு வரவில்லையே என்று நொந்துகொண்டு முற்றத்தைத் தாண்ட முடியாமல் இருக்கிறாள். பிள்ளைகள் மொய்க்க மெலிந்துபோன மனைவி, குப்பையில் முளைத்த கீரைத் தளிரைப் பறித்து உப்பின்றி வேகவைத்து உண்கிறாள். பாலில்லாத தாயின் மார்பைச் சுவைத்து ஏமாந்த சிறுவன், சோறில்லாத பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். புலி வருகிறது என்று அச்சமூட்டியும், நிலாவைக் காட்டியும் தாய் அவனை அமர்த்தப் பார்த்து, முடியாமல் வருந்துகிறாள். இந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்த மனிதர்தாம், பெரிய கொம்புகளையுடைய கொல்களிற்றையே தந்தாலும் மனமின்றித் தருவதை வாங்கமாட்டேன், நீ உவந்து கொடுத்தால் குன்றிமணியளவும் வாங்கிக்கொள்வேன் என்று குமணனுக்கு முதலிலேயே நிபந்தனை விதிக்கிறார். பசியின் கொடுமையை அறிந்தவர் பசியைக் காட்டிலும் ஒன்றை மேலாக வைத்தார் என்பது, அந்த ஒன்றின் மதிப்பை நமக்கு உணர்த்தப் போதுமானது.

வெளிமான் என்ற தலைவனிடம் ஒருமுறை அவர் சென்றிருந்தார். தான் கொடுக்க இயலாத நிலையிலிருந்த வெளிமான், தம்பி இளவெளிமானிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்க, தம்பியோ தகுதியறியாமல் சிறிது கொடுத்தான். அதைத் தீண்டாமல், எழுக நெஞ்சே, செல்வோம் என்று தம் மனத்தையே துணைக்கழைத்துக்கொண்டு புலவர் வெளியேறினார். அதன்பின் அவர் செய்த காரியம் தமிழ் இலக்கியத்தில் ஈடிணையற்றது. முதிரமலைக் குமணனிடம் சென்று பாடி, யானையைப் பரிசிலாகப் பெற்று, அதை நேரே தம் ஊருக்கு ஓட்டிச் செல்லாமல், இளவெளிமானின் ஊருக்குக் கொண்டுவந்து, அவ்வூரின் காவல் மரத்தில் கட்டினார். காவல் மரம் என்பது அக்காலத்தில் ஒரு தலைவனின் மானத்துக்கு அடையாளம். பகையரசர் படையெடுத்து வந்து ஓர் ஊரைக் கைப்பற்றினால் அந்த மரத்தை வெட்டுவதும் அதில் தம் களிற்றைக் கட்டுவதும் வெற்றிச் சடங்கு. படையும் வேலும் இல்லாத ஒரு புலவர் அச்சடங்கைத் தனியொருவராக நடத்தினார். இரப்போர்க்கு நீ புரவலன் அல்லை. அதனால் இரப்போர்க்குப் புரவலரே இல்லாமற் போய்விடவுமில்லை. இரப்போர் இருப்பதையும், அவர்க்கு ஈவோர் இருப்பதையும் இதோ பார். உன் காவல் மரம் வருந்துமாறு நான் கட்டிய யானை நான் உனக்குத் தரும் பரிசில் என்று சொல்லிவிட்டுச் சென்றார். பரிசில் என்ற உறவை அவர் அங்கே தலைகீழாகத் திருப்பிவிட்டார்; கொடுக்கும் ஸ்தானத்தில் புலவரும் வாங்கும் ஸ்தானத்தில் தலைவனும் நிற்கிறார்கள்.

அவர் வீடு திரும்பியதும் நடந்தது இதைவிட உயர்ந்தது. குமணன் தந்த செல்வத்தை மனைவியிடம் ஒப்படைத்து, உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், சுற்றத்தார்க்கும், நம் பசி தீரக் கடன் கொடுத்தவர்க்கும், யார் எவர் என்று பாராமல், என்னையும் கேளாமல், நாம் வளமாக வாழலாம் என்று சேமித்து வையாமல் கொடு என்கிறார். பொருளை அவமதித்து விரட்டிய மனிதரும் பொருள் வந்தபோது வாரி வழங்கிய மனிதரும் ஒருவரே என்பதால்தான், முன்னது வெறும் கோபமாகாமல் ஒழுக்கமாகிறது.

புலவர்களின் இந்த நிமிர்வு தனிமனிதரின் சுபாவம் மட்டுமாக இருந்திருந்தால் அது நீடித்திருக்காது. அதற்குப் பின்னே ஒரு கூட்டுறுதி இருந்தது என்பதற்குப் பெருந்தலைச் சாத்தனாரின் பாட்டு ஒன்று சான்றாகிறது. இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒன்றாக அமர்ந்திருந்த இடத்துக்குச் சென்ற அவர், முன்னவனைத் தழுவிக்கொண்டு பின்னவனைத் தழுவாமல் நின்றார். என்னை ஏன் தழுவவில்லை என்று அவன் கேட்டபோது, கண்டீரக்கோவின் மலைநாட்டில் தலைவன் வெளியே சென்றிருந்தாலும் வீட்டு மகளிர் பாடி வந்தவர்க்குத் தம் தகுதிக்கேற்ப யானையைப் பரிசளிப்பர். நீயும் தழுவுதற்கு உரியவனே. ஆனால் உன் குலத்தில் பாடுநர்க்குக் கதவு அடைக்கப்பட்டதால் எம்மவர் உம் மலையைப் பாடுவதை விட்டுவிட்டனர் என்று விடையளித்தார். கதவை அடைத்தவன் இவனல்லன். எனினும் விலக்கு நீங்கவில்லை. ஊதியமோ சங்கமோ இல்லாமல் பாலை வழிகளில் திரிந்த மனிதர்கள், தம்முள் ஒருவர்க்கு நேர்ந்த இழிவை எல்லாரும் நினைவில் வைத்து, ஒரு நிலத்தையே பாட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். கழாத்தலையாருக்கு நேர்ந்ததைக் கபிலர் எடுத்துச் சொல்வதும் இந்த நினைவின் பகுதியே.

பாடாமல் விடுவது ஒரு தண்டனையாகுமா என்று கேட்கலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், இளம் பருவத்தில் ஏழு பகைவரை எதிர்த்துப் புறப்பட்டபோது கூறிய வஞ்சினத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வெல்லேனாயின் என்னைக் கொடுங்கோலன் என்று குடிகள் பழிக்கட்டும். மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது விடட்டும். இரப்போர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்று அவன் சபதம் செய்தான். ஒருவன் தனக்கு வரக் கூடாத கேடுகளையே வஞ்சினத்தில் வைப்பான். குடிகளின் பழியையும் புலவரின் மௌனத்தையும் ஒரு பாண்டிய மன்னன் ஒரே வரிசையில் வைத்திருக்கிறான். எழுத்து அரிதாகவும் நினைவே ஏடாகவும் இருந்த காலத்தில், ஒரு மன்னன் இறந்தபின் எஞ்சுவது புலவர் வாய்மொழியில் எஞ்சுவதுதான் என்பதை அவன் அறிந்திருந்தான்.

மேலும், புலவர்கள் புகழ்ச்சியை மட்டும் விற்றுப் பிழைத்தவர்கள் அல்லர். கிள்ளிவளவன் மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இட முற்பட்டபோது கோவூர் கிழார் குறுக்கிட்டுப் பேசினார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோதும் அவரே சென்று காத்தார். பறவைபோல நெடுந்தொலைவு கடந்து, பெற்றதைச் சேமியாமல் உண்டு, பிறர்க்கும் கொடுத்து, வரிசை ஒன்றுக்காக வருந்தி வாழும் இந்தப் பரிசில் வாழ்க்கை யாருக்குத் தீங்கு செய்தது என்று அவர் கேட்டார். ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றார். போரை நிறுத்தவும் கொலையைத் தடுக்கவும் அரசனிடம் நேரே பேசக்கூடிய குரல்கள் அன்றைய சமுதாயத்தில் எத்தனை இருந்திருக்கும்? அக்குரலை மதிக்காத அரசன் தன்னைத் திருத்தக்கூடிய ஒரே சாதனத்தை இழந்தான்.

இவர்கள் இரவலர்தாமே, கையேந்தியவர்க்கு மானம் ஏது என்ற ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதில் ஓரளவு நியாயம் இருப்பதுபோல் தோன்றுவதாலேயே அதை எதிர்கொள்ள வேண்டும். கொடுப்பவன் விருப்பத்தை நம்பி வாழ்பவனின் சொல்லில் முகஸ்துதி கலந்தே தீரும் என்பதும், புறநானூற்றில் அத்தகைய மிகைப் புகழ்ச்சிகள் உண்டு என்பதும் மெய். ஆயினும் ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் நன்மாறனிடம் பேசியதை இந்த ஆட்சேபத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முடிந்ததைக் கொடுப்பதும் முடியாததை இல்லை என்பதும் இரண்டுமே ஆண்மைக்குரிய செயல்கள். முடியாததைத் தருவதாகச் சொல்வதும், முடிந்ததை இல்லை என்பதும் புரப்போர் புகழைக் கெடுக்கும் வழிகள் என்று அவனுக்கு அவர் எடுத்துரைக்கிறார். இரவலனாகப் பேசும் ஒருவர், மறுக்கும் உரிமையை அரசனுக்கு முழுமையாக விட்டுக்கொடுத்து, பொய் சொல்லும் உரிமையை மட்டும் மறுக்கிறார். பிறகு, உன் புதல்வர் நோயின்றி வாழ்க என்று வாழ்த்திவிட்டு, வெயில் என்று வெறுக்காமல் பனி என்று சோம்பாமல், வறிய மனையில் காத்திருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டு நடக்கிறார். சபிக்க நியாயமிருந்த இடத்தில் வாழ்த்தினார். அந்த வாழ்த்து ஒரு சாபத்தைவிட அதிகமாக நன்மாறனை வருத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். எறிச்சலூரைச் சேர்ந்த மதுரைக் குமரனார் சோழன் பெருந்திருமாவளவனிடம் இன்னும் ஒரு படி மேலே சென்று, குதிரையும் தேரும் வெண்குடையும் உடையோரை நாங்கள் வியப்பதில்லை, கீரையும் வரகுச் சோறும் உண்ணும் சிற்றூர்த் தலைவனாயினும் எங்கள் பெருமையறிந்து நடப்பவனையே வியப்போம் என்று கூறிவிட்டார். சோழ மன்னனின் சந்நிதியில் இதைச் சொன்னவரை முகஸ்துதிக்காரர் என்று அழைக்க முடியாது.

காலம் இந்த வழக்கில் அளித்த தீர்ப்பையும் கவனிப்போம். இளவெளிமான், மூவன், கடிய நெடுவேட்டுவன் ஆகிய தலைவர்கள் தம் காலத்தில் செல்வமும் படையும் உடையவர்களாக இருந்திருப்பார்கள்; இன்று அவர்களை நாம் அறிவது, பெரும்பாலும் அவர்கள் அலட்சியம் செய்த புலவர்கள் பாடிய பாட்டால்தான். அதியமானின் கதி வேறு. 1981-இல் திருக்கோவலூருக்கு அருகே சம்பை என்ற ஊரில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று அவன் பெயரைச் சொல்லி, பாளி என்னும் குகை உறைவிடம் ஒன்றை அவன் ஈந்ததைத் தெரிவிக்கிறது. அசோகனின் சாசனங்களில் குறிக்கப்பட்ட சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கு அந்தக் கல் விடை தந்தது. ஆனால் அந்தக் கல் அவன் பெயரையும் குலத்தையும் கொடையையும் சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஒரு நாள் அல்ல, பல நாள் சென்றாலும் முதல் நாள் போன்றே அவன் வரவேற்பான் என்றும், அவன் பரிசில் யானையின் கொம்பிடை வைத்த கவளம்போலத் தவறாது கிடைக்கும் என்றும், அவன் மார்பைத் துளைத்த வேல் இரவலரின் கலங்களையும் புலவர் நாவையும் துளைத்துச் சென்றது என்றும் ஔவை பாடாவிட்டால், அவன் எத்தகைய மனிதன் என்பது கல்லிலிருந்து நமக்குத் தெரிந்திராது. அவனைக் கண்டித்த அதே ஔவை புகழ்ந்ததால்தான் அந்தப் புகழை நம்புகிறோம்.

மூவேந்தர் போனார்கள், பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் வந்தார்கள், புலவர் வாயிலில் நிற்பது மட்டும் மாறவில்லை. சீட்டுக்கவி எழுதி அனுப்பிப் பொருள் வேண்டுவது ஒரு வழக்கமாகவே நிலைத்தது. தனிப்பாடல் திரட்டைப் புரட்டினால் அந்தப் பிற்காலப் புலவர்களின் மனக்கசப்பு ஏராளமாகக் கிடைக்கும். அதில் சொற்சாதுரியம் மிகுதி, பெருஞ்சித்திரனாரின் கம்பீரம் குறைவு. அந்தக் கம்பீரம் மீண்டும் ஒருமுறை முழு வடிவில் தோன்றியது 1919-இல்.

எட்டயபுரம் சமஸ்தானத்தில் பிறந்து வளர்ந்து, பதினொரு வயதில் அதன் அரசவையிலேயே பாரதி என்ற பட்டம் பெற்று, பின்னர் சிறிது காலம் அரண்மனையில் ஊழியமும் பார்த்து, 1904-இல் அதை விட்டு நீங்கிய சுப்பிரமணிய பாரதியார், பத்தாண்டுக்கு மேற்பட்ட புதுச்சேரி வாசத்துக்குப் பின் 1918-இன் இறுதியில் கடலூரில் கைதாகி விடுதலை பெற்று, மனைவியின் ஊராகிய கடையத்தில் வறுமையோடு வாழ்ந்தபோது, எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். உதவி வேண்டி எழுதியது அது. ஆனால் அதில் இரக்கும் தொனி எங்குமில்லை. தமிழுக்குப் புதிய சுவையும் புதிய பொருளும் கொண்டுவந்த கவிஞன் வருகிறான் என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டு, பொற்கிழியோடு சால்வையும், பேரிகை முழக்கமும், பல்லக்கும், பரிவாரமும் வேண்டும் என்று அவர் கேட்டார். படித்தவர்கள் சிலர் இதை அந்தக் கவிஞரின் விபரீத ஆசை என்று நினைத்ததுண்டு. வறுமையில் இருப்பவனுக்குப் பல்லக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சங்கப் புலவர்களின் வழக்கை அறிந்தவர்க்கு அந்தக் கேள்வியே எழாது. பாரதியார் கேட்டது வரிசை. பணத்தை மட்டும் ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதை அவர் சுபாவம் அறிந்தவர்கள் ஊகிக்கலாம். அதற்கு வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. அந்தக் கவிகளால் அவருக்கு எந்தப் பயனும் விளையவில்லை. 1920-இன் இறுதியில் அவர் சென்னைக்குச் சென்று, இளமையில் வேலை பார்த்த சுதேசமித்திரனிலேயே மீண்டும் உதவியாசிரியராக அமர்ந்தார். அடுத்த செப்டம்பரில் காலமானார்.

இன்று ஜமீன்களும் இல்லை. பொதுவாழ்வில் பெரியவர்களாக இருப்போர் கவிதையைப் பற்றிப் பேசும்போது இரண்டு விதமான அவமதிப்பைக் காண்கிறேன். கவிதையால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம், ஒரு பாலம் கட்டுமா, ஒரு மூட்டை நெல் விளைவிக்குமா என்பது ஒரு வகை. இது இளவெளிமானின் வழி. இதற்கு மறுமொழி சொல்வது எளிது. மற்றது, கவிஞரின் சிலைக்கு மாலையிட்டு, விழாவில் அவர் பெயரை உரக்கச் சொல்லி, விருதும் பொற்கிழியும் தந்து, அவருடைய நூலில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பாராமல் இருப்பது. கைதட்டலுக்கு நடுவே நடப்பதால் இதை யாரும் அவமதிப்பு என்று கருதுவதில்லை. ஆனால் காணாமல் கொடுத்தனுப்பிய அதியமானின் பரிசில் இதுதான். முன்னதைவிட இதுவே கவிதைக்குப் பெருந்தீங்கு என்பது என் உறுதியான அபிப்பிராயம். மறுத்தவனிடமிருந்து விலகிப் போகலாம். படியாமல் புகழ்பவனோ கவிதைக்கு உரிய இடத்தைத் தானே நிரப்பிவிட்டு, படிக்க வருபவனுக்கும் இனி அங்கே தேட ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறான்.

பாரதியார் மறைந்து இருபத்தாறு ஆண்டுக்குப் பின், 1947-இல், அதே எட்டயபுரத்தில் அவருக்கு ஒரு மணிமண்டபம் எழுந்தது. ராஜாஜி அதைத் திறந்து வைத்தார்; கல்கி தம் பத்திரிகையில் விடுத்த வேண்டுகோளை ஏற்று வாசகர்கள் அனுப்பிய பணம் அதைக் கட்டியது. அனுப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவரை ஒருநாளும் கண்ணால் கண்டவர்கள் அல்லர். எட்டயபுரத்துக்கு வந்தவர்களும் அல்லர். ஆனால் அவருடைய பாட்டைக் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் வீடுகளிலும் பாடிப் பாடி மனப்பாடம் செய்திருந்தவர்கள்; தாங்கள் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தவர்கள்.